ஆபீஸ் கம்பி, சொந்தக் காசு

சட்டைப் பையில் அடங்கும் மெல்லிய அட்டை. பின்பக்கம் சாம்பல் நிறப் பூச்சு. நாலணாக் காசால் சுரண்டினால் அடியிலிருந்து நீளமான எண் ஒன்று தலைகாட்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பி.எஸ்.என்.எல். விற்ற இந்தியா டெலிபோன் கார்டு அது. 1602 என்று தொடங்கி அழைத்தால் ஒரு குரல் வரும். அட்டை எண்ணைக் கேட்கும். கையிருப்பு எவ்வளவு என்று சொல்லும். அப்புறம்தான் ஊர் எண்ணைப் போட வேண்டும். எஸ்.டி.டி. வசதி இல்லாத போனாக இருக்கலாம், இருந்தும் பூட்டி வைத்த போனாக இருக்கலாம், பக்கத்து வீட்டு போனாகவும் இருக்கலாம். பணம் அட்டையிலிருந்து கழியும். போனுக்குச் சொந்தக்காரரின் பில்லில் ஒன்றும் ஏறாது.

வெளியூர் போய்த் தங்குகிறவர்களுக்கான வசதி என்பது கணக்கு. தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையோரம் நான் வேலை பார்த்த சிறிய ஏற்றுமதிக் கம்பெனியில் அதை வாங்கியவர்கள் எங்கும் போகவில்லை. காலையில் வந்து உட்கார்ந்த அதே நாற்காலியிலிருந்து, மேசைமேல் இருக்கும் ஆபீஸ் போனில், சொந்தக் காசில் பேசினார்கள். வீட்டில் போன் இருந்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். தெருமுனைக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்த காலம் வேறு. அப்படியிருந்தும் ஆபீசில் உட்கார்ந்து, காசும் கொடுத்து, எதற்காகப் பேச வேண்டும் என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. 'இன்டர்காம் பெட்டி' என்பார்கள். ரிசப்ஷனுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும். வெளியிலிருந்து நாலு லைன் உள்ளே வரும், மேசைக்கு மேசை எக்ஸ்டென்ஷன் பிரியும். 0 போட்டால் வெளி லைன். 1984-இல் தொடங்கிய சி-டாட், கிராமங்களுக்கென்று 128 முனை எக்ஸ்சேஞ்ச் ஒன்றை வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது வேலை செய்யத் தொடங்கியது. அதே கையோடு அலுவலகங்களுக்கான பெட்டிகளைச் செய்யும் தொழில்நுட்பமும் தனியார் தயாரிப்பாளர்களுக்குப் போனது. தொண்ணூறுகளின் நடுவில் பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை இருபது பேர் வேலை செய்யும் ஆபீசில்கூட அப்படியொரு பெட்டி வந்துவிட்டது.

பெட்டிக்கு ஒரு வால் உண்டு. அதன் சீரியல் போர்ட்டில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாட்டிவிட்டால், யார் எப்போது வெளியே பேசி முடித்தாலும் 'கர்ர்' என்று ஒரு வரி அச்சாகும். எக்ஸ்டென்ஷன், தேதி, தொடங்கிய நேரம், நீடித்த நேரம், போட்ட எண். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட தொடர்தாள் மேசைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக விழுந்துகொண்டிருக்கும். அக்கவுண்ட்ஸில் கடைசியாகச் சேர்ந்தவன் நான். ஆகவே மாதக் கடைசியில் அந்தத் தாள்கட்டு எனக்கு வரும். டெலிபோன் பில்லோடு ஒப்பிட்டு, கம்பெனி வேலையாகப் பேசியதைப் பச்சையிலும் சொந்த அழைப்பைச் சிவப்பிலும் டிக் அடித்து, சிவப்புக்கு உண்டான தொகையைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். ஒரு மனிதனைப் பற்றி அந்தத் தாள் சொல்கிற அளவுக்கு அவன் பெண்டாட்டியால்கூடச் சொல்ல முடியாது. ஊர் கோடு எண்ணைப் பார்த்தாலே சொந்த ஊர் தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே எண்ணை மூன்று தடவை போட்டு, மூன்று தடவையும் அரை நிமிஷத்தில் வைத்திருந்தால் அது கடன் விவகாரம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு கல்யாணத் தரகர். எல்லாவற்றையும் வாசிக்க நாலைந்து மாதத்தில் பழகிவிடும்.

இந்தத் தாளில்தான் 1602 முளைத்தது. எக்ஸ்டென்ஷன் இருக்கும், நேரம் இருக்கும், இருபது நிமிஷம் என்று அளவும் இருக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் 1602 என்று தொடங்குவதோடு சரி. அதற்குப் பிறகு அழுத்திய அட்டை எண்ணுக்கும் ஊர் எண்ணுக்கும் எங்கள் தாளின் கட்டத்தில் இடம் இல்லை. பில்லைப் பார்த்தால் அதற்குக் காசும் விழவில்லை. பச்சையா சிவப்பா என்று தெரியாமல் கொஞ்ச நாள் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன்.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு இவ்வளவு நாகரிகமான வழி இருந்ததில்லை. சுழற்றும் டயலின் ஓட்டையில் ஒரு குட்டிப் பூட்டைத் தொங்கவிடுவார்கள். பூட்டின போனிலும் பேசத் தெரிந்த கில்லாடிகள் இருந்தார்கள். டயல் சுற்றித் திரும்பும்போது நடப்பது லைன் விட்டு விட்டுத் துண்டிக்கப்படுவதுதான் என்பதால், ரிசீவர் வைக்கும் பித்தானை விரலால் தாளம் தப்பாமல் தட்டினாலும் எண் விழும். ஐந்துக்கு ஐந்து தட்டு, பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு. அரசாங்க ஆபீஸ் பெரியவர் ஒருவர் மதிய நேரத்தில் இப்படித் தட்டியே மதுரையைப் பிடிப்பார் என்று என் மாமா சொல்வார். அட்டைக்கு அந்தக் கைவித்தை உதவாது. போனின் அடிவயிற்றில் பல்ஸுக்கும் டோனுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். அது டோனில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குரல் அட்டை எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்கும், நாம் அழுத்துவது அதன் காதில் ஏறாது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

தாம்பரம் தென்மாவட்டத்துக்காரர்களின் தலைவாசல். நெல்லையும் பாண்டியனும் பொதிகையும் காலையில் வந்து நிற்கும் ஸ்டேஷன். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவிலிலிருந்து மூட்டையோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் அதைத் தாண்டி உள்ளே போக மனமில்லாமல் சேலையூர், முடிச்சூர், இரும்புலியூர், பெருங்களத்தூர் என்று அங்கேயே மனை வாங்கிக் குடியேறினார்கள். ஆகவே இந்த வட்டாரத்துக்குத் தொலைபேசி என்றால் எஸ்.டி.டி.தான். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அம்மாவிடம் பேசுவதுதான். விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய போன், வீட்டின் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், குரோஷா பின்னிய உறை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதில் பேசுவதை மாமனார் கேட்பார், மாமியார் கேட்பார், ஹோம்வொர்க் எழுதும் பையன் கேட்பான். போனே இல்லாதவர்களுக்குப் பி.பி. நம்பர். பக்கத்து வீட்டு எண்ணை நம் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அழைப்பு வந்தால் அவர்கள் கூப்பிட, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும். அங்கே போய்ப் பேசினால் இரண்டு குடும்பம் கேட்கும்.

பூத்தில் பேசலாமே என்றால், அங்கே கண்ணாடிக் கதவு உண்டு, ரகசியம் உண்டு, தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடுவதும் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே யாரும் மனம்விட்டுப் பேசியதில்லை. இரவு 11 மணிக்கு மேல் கால் பங்கு கட்டணம் என்பதால் தாம்பரம் மேற்கில் பஸ் நிலையத்தை ஒட்டிய பூத்களில் அந்நேரத்துக்கு வரிசை நிற்கும். வரிசையில் பையன்கள் நிற்பார்கள், மேன்ஷன்காரர்கள் நிற்பார்கள், விமானப்படைச் சிப்பாய்கள் நிற்பார்கள். பெண்கள் நிற்க மாட்டார்கள். கால் கட்டணம் என்று அரசாங்கம் பொதுவாகத்தான் அறிவித்தது. பதினொரு மணிக்கு வீட்டைவிட்டு வெளியே போக முடிந்தவர்களுக்கு மட்டும் அது கிடைத்தது.

எங்கள் ஆபீசில் டாக்குமென்டேஷன் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். சேலையூரில் வாழ்க்கைப்பட்டவர். 1602 வரிகளில் பெரும்பகுதி அவருடைய எக்ஸ்டென்ஷனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் டப்பாவோடு மாடிக்குப் போய்விடுவார்கள். அக்கா ஐந்து நிமிஷத்தில் தயிர்சாதத்தை முடித்துவிட்டு, ஹாண்ட்பேக்கிலிருந்து ரயில் சீசன் டிக்கெட் கவரை எடுப்பார். சீசனுக்குப் பின்னால் அட்டை செருகியிருக்கும். போனை இழுத்து மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். அந்த நீளமான எண்ணை ஒருதடவைகூட அட்டையைப் பார்த்து அவர் அழுத்தியதில்லை. பார்ப்பதெல்லாம் சும்மா ஒரு தைரியத்துக்கு.

அவர் பேசி முடித்துவிட்டு ரிசீவரை வைப்பார், உடனே மறுபடி எடுப்பார், ஒரு எண்ணை அழுத்துவார், வைப்பார். எதற்கு என்று கேட்டேன்.

"வச்சதும் ஒருக்க எடுத்து ஒண்ண அமுக்கிட்டு வச்சிரணும் தம்பி. இல்லேன்னா அடுத்து வர்றவன் ரீடயல அமுக்குனான்னா, என் கார்டு நம்பரு, எங்கம்மா நம்பரு எல்லாம் தன்னால போவும்லா."

உண்மைதான். கடைசியாகப் போட்ட எண்ணை மட்டுமல்ல, லைன் கிடைத்த பிறகு அழுத்துகிற எண்களையும் சேர்த்தே பல போன்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளும். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருமுறை கையிருப்பு நூறு ரூபாய் ஒரே மத்தியானத்தில் காணாமல் போனதிலிருந்து அவரே கண்டுபிடித்தது.

அவர் அம்மாவிடம் என்ன பேசுவார் என்று சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். மாமியார் கொடுமையைச் சொல்லி அழுவார் என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் கிடையாது. ஊரில் யார் வீட்டுக் கிடாய் காணாமல் போனது, எந்தச் சித்தி யாரோடு பேச்சை நிறுத்தினாள், அம்மா வாங்கிய புதுக் கண்ணாடியில் எல்லாமே சாய்வாகத் தெரிகிறது. அதற்கு அக்கா சிரிப்பார். ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைச் சேலையூர் வீட்டுக் கூடத்தில் சிரித்திருக்க முடியாது. அழுதால் அங்கே யாராவது காரணம் கேட்டுச் சமாதானம் செய்வார்கள். தன் பிறந்த வீட்டைப் பற்றித் தன் பிறந்த வீட்டோடு மருமகள் இவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தால் அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கிடையாது.

கூடத்தில் காதுகள், ஆபீசில் பிரிண்டர். வீட்டில் பேசினால் என்ன பேசினாய் என்பது தெரிந்துவிடும், ஆபீசில் பேசினால் யாரோடு பேசினாய் என்பது தெரிந்துவிடும். அட்டையோடு ஆபீஸ் போனில் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்கள் காசு கொடுத்தது அந்தச் சந்துக்குத்தான் என்று இன்று எனக்குப் படுகிறது. பேச்சுக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பி.எஸ்.என்.எல். கழித்துக்கொண்டது வேறு கணக்கு. துபாய் வேலைக்கு ஏஜென்டைப் பிடித்தவர், வேறு கம்பெனியில் இன்டர்வியூ கேட்டவர், சாதி வேறான பெண்ணோடு பழகியவர் என்று மற்ற 1602-காரர்களும் அந்தச் சந்தில்தான் நின்றார்கள்.

மேசை இருந்தவர்களுக்குத்தான் இந்த வசதியும். 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் 262 ஏக்கரில் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தை, எல்லோரும் 'மெப்ஸ்' என்பதை, 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாற்றினார்கள். அங்கே தையல் மெஷினிலும் அசெம்பிளி வரிசையிலும் உட்கார்ந்த பெண்கள் எங்கள் ஆபீஸ்காரர்களைப் போலப் பல மடங்கு. அவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் ஏது? ஷிப்ட் விட்டால் பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு ரூபாய் காயின் போன். அதில் உள்ளூர் மட்டும்தான். மணி அடித்ததும் மறுமுனை எடுப்பதற்குள் பின்னால் நிற்பவள் தோளைத் தட்டுவாள்.

எங்கள் மேனேஜர் ஒருநாள் தாள்கட்டைப் புரட்டினார்.

"என்னப்பா இது, 1602, 1602ன்னு? பில்லுல காசே வரல?"

"கார்டு சார். அவங்கவங்க சொந்தக் காசு."

"காசு அவங்களுது. லைன் யாரோடது?"

நியாயமான கேள்வி. நாலு லைனில் ஒன்று பேக்ஸுக்குப் போய்விடும். மதியம் ஒன்றரை என்றால் ஜெர்மனியில் அப்போதுதான் ஆபீஸ் திறந்து பையர் கூப்பிடும் நேரம். இருபது நிமிஷம் ஒரு லைனை அடைத்துக்கொண்டால், எங்கோ ஒருவருக்கு எங்கேஜ்டு டோன் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த டோனுக்கு எந்த பில்லிலும் தொகை இல்லை. இதையெல்லாம் அவர் சொல்லவும் செய்தார். மறுவாரம் பெட்டி மெக்கானிக்கை வரவழைத்து, 1602 போட்டால் லைன் போகாதபடி தடை வைத்துவிட்டார்.

அவர் சொன்ன காரணத்தை நான் மறுக்கவில்லை. அதுதான் காரணம் என்று நம்பவும் இல்லை. வீட்டுக்காரம்மாவோடு மணிக்கணக்கில் லோக்கல் பேசும் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார்; அவர் எண்ணுக்கு எந்தத் தடையும் வரவில்லை. கம்பெனி லைன் அடைபடுகிறதே என்பதைவிட, யாரோடு பேசுகிறார்கள் என்று படிக்க முடியாத ஒரு வரி தாளில் இருக்கிறதே என்பதுதான் அவரை உறுத்தியது. காசு கொடுத்துவிட்டால் கேள்வி முடிந்துவிடும் என்று 1602-காரர்கள் நினைத்தார்கள். அவர்கள் காசு கொடுத்ததே கேள்விக்குத் தொடக்கமாகிவிட்டது.

அந்த மாதிரித் தாள்கட்டை ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன். இங்கிலாந்தில் மெர்சிசைட் காவல்துறையில் உதவித் தலைமைக் கான்ஸ்டபிள் என்ற உயர் பதவியில் இருந்த ஆலிசன் ஹால்ஃபோர்டுக்கு ஆபீஸ் அறையில் இரண்டு போன் கொடுத்திருந்தார்கள். ஒன்று சொந்தப் பேச்சுக்கென்றே. பெண் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாக அவர் வழக்குத் தொடுத்தபோது, அந்த வழக்குக்குத் துப்புத் தேடி அவருடைய ஆபீஸ் போன்களை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். அலுவலகக் கம்பி வேலை கொடுத்தவருடையது, அதில் தனிமையை எப்படி எதிர்பார்க்கலாம் என்று பிரிட்டிஷ் அரசு வாதாடியது. எதிர்பார்க்கலாம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997 ஜூனில் சொல்லி, 10,000 பவுண்டு நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பத்து வருஷம் கழித்து வந்த கோப்லாண்ட் வழக்கு எனக்கு இன்னும் நெருக்கமானது. வேல்ஸில் ஒரு கல்லூரி ஊழியர். அவர் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. எந்த எண், எந்தத் தேதி, எவ்வளவு நேரம் என்ற பட்டியலை நிர்வாகம் எடுத்து ஆராய்ந்தது. அதாவது, நான் பச்சையும் சிவப்பும் டிக் அடித்த அதே தாள். அதுவும் தனிவாழ்வில் தலையீடுதான் என்று 2007 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

நம் உச்சநீதிமன்றமும் பி.யு.சி.எல். வழக்கில் 1996 டிசம்பரில், வீட்டிலோ அலுவலகத்திலோ போனில் பேசுவதை அந்தரங்க உரிமைக்குள் சேர்த்தது. 'அலுவலகத்திலோ' என்பதையும் நீதிபதி குல்தீப் சிங் சேர்த்தே எழுதினார். ஆனால் அது அரசாங்கம் ஒட்டுக்கேட்பதைப் பற்றிய வழக்கு. ஜி.எஸ்.டி. சாலையோர மேனேஜரின் பிரிண்டர் வரை அது எட்டவில்லை. 2017-இல் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கியது. 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமோ வேலை சம்பந்தமான தேவைக்கும் முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும் ஊழியரின் தரவைத் தனியே சம்மதம் கேட்காமல் கையாள இடம் கொடுத்திருக்கிறது. இன்று யாராவது அந்த வேலைக்குச் சேர்ந்தால் என்னைவிட நிம்மதியாக டிக் அடிக்கலாம்.

நான் அங்கிருந்து கிளம்பிய சமயத்தில் தென்சென்னை முழுக்கக் கால் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கடலடிக் கேபிள் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இன்டர்நெட் வழியாக வெளிநாடு பேசுவதும் சட்டப்படி சரி என்றானது. பெருங்குடியிலும் சோழிங்கநல்லூரிலும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க அமெரிக்காவோடு பேசினார்கள். அவர்கள் வேலையே போனில் பேசுவது. சொந்தமாக ஒரு வார்த்தை பேச மட்டும் வழியில்லை. செல்போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். மேசையில் பேப்பர், பேனா கூடாது. பேசுவதெல்லாம் தர ஆய்வுக்காகப் பதிவாகும்.

மேடவாக்கத்துப் பையன் ஒருவன் செய்ததைக் கேட்டு அசந்து போனேன். அவன் மேசையிலிருந்து இந்திய எண் எதுவும் போகாது. அமெரிக்க எண் எல்லாம் போகும். நியூஜெர்சியில் இருந்த மச்சான் ஒரு காலிங் கார்டு எண்ணை மெயிலில் அனுப்பியிருக்கிறான். பையன் அந்த கார்டின் அமெரிக்க டோல்ஃப்ரீ எண்ணை அழைத்து, கார்டு எண்ணைப் போட்டு, அங்கிருந்து தன் வீட்டு எண்ணைப் போட்டிருக்கிறான். பெருங்குடியில் புறப்பட்ட குரல் கடலைத் தாண்டி அமெரிக்கா போய், மறுபடி கடலைத் தாண்டி, எட்டு கிலோமீட்டர் தள்ளி மேடவாக்கத்தில் மணி அடித்திருக்கிறது. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிக்குவோம் சார். நான் சாப்டியாம்மான்னு கேக்கறதுக்குள்ள அம்மா நீ சாப்டியான்னு கேட்டு முடிச்சிருக்கும்." வெளிநாட்டு லைனும் உள்ளூர் எக்ஸ்சேஞ்சும் எங்கேயும் ஒட்டக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை இந்தக் கம்பெனிகளுக்குக் கடுமையாக விதி போட்டிருந்தது. 2020 நவம்பரில்தான் அவற்றில் பெரும்பகுதியைத் தளர்த்தினார்கள். பையனுக்கு அந்த விதிப்புத்தகம் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா தூங்காமல் இருப்பாள் என்பது மட்டும் தெரியும்.

இதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் பழங்கதையாகிவிட்டது! 2003 மே முதல் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசம். அந்த ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போன் கொடுத்தது. 2006 மார்ச் 1 முதல் பி.எஸ்.என்.எல்.லில் இந்தியாவின் எந்த மூலைக்கும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய். சுரண்டும் அட்டை டாப்-அப் அட்டையாகிக் கொஞ்ச நாள் தொங்கிவிட்டு அதுவும் போனது. பூத் முதலாளிகள் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு ஜெராக்ஸ் மெஷினை வைத்தார்கள்.

ஆபீசுக்கும் ஊழியருக்கும் நடுவில் இருந்த டெலிபோன் கணக்கு அப்போது தலைகீழானது. அதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. இன்று என் பை ஆபீஸின் எக்ஸ்டென்ஷன். போன் நான் வாங்கியது, ரீசார்ஜ் நான் செய்வது; ஆபீஸ் வாட்ஸ்அப் குழுக்கள் அதில் ஓடுகின்றன, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஓ.டி.பி. அதில் வருகிறது, லீவு போட்ட வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய புத்தகம் புரட்டும்போது க்ளையன்ட் அதில் கூப்பிடுகிறார். சிவப்பு டிக் அடிக்க என்னிடம் தாள் இல்லை. இருந்தாலும் யார் சம்பளத்தில் பிடிப்பது? வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமலிருக்கும் உரிமைக்கு பிரான்ஸ் 2017 ஜனவரியில் சட்டத்தில் இடம் கொடுத்தது. இங்கே சுப்ரியா சுலே 2018 இறுதியில் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களுக்கு நம் நாடாளுமன்றத்தில் என்ன கதியோ அதுதான் அதற்கும். மேனேஜர் அன்று கேட்ட 'லைன் யாரோடது' என்பதை இன்று திருப்பிக் கேட்டால் சிரிப்பார்கள்.

டாக்குமென்டேஷன் அக்காவைப் போன வருஷம் தாம்பரம் சண்முகம் சாலையில் பார்த்தேன். கையில் நல்ல பெரிய ஸ்மார்ட்போன். மகன் வாங்கிக் கொடுத்ததாம். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் கொஞ்சம் மந்தம் என்றார்.

"இப்ப என்னக்கா, எங்கிருந்து வேணாலும் பேசலாமே" என்றேன்.

"பேசலாம் தம்பி. எங்கேருந்து பேசுத, யார்கிட்ட பேசுதன்னுதான் வீட்டுல எல்லாருக்கும் தெரியுதே. லைன் போட்டா பிசி, இவ்வளவு நேரம் யாருட்ட பேசிட்டிருந்தன்னு அவுக கேப்பாவ. மவன் லொகேஷன் பாப்பான்."

இன்னும் வேலைக்குப் போகிறார், குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில். சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவோடு பேசுவாராம். அம்மாவுக்குக் காது கேட்க வேண்டுமே, கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது, கீழே ஜூனியர் பிள்ளைகள் எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள் என்றார். "கேக்கட்டும், அதுக யாரு, என் சொந்தக்காரங்களா?"